ஆரல்வாய்மொழிக் காற்று

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்வோர் பலருக்கு ஆரல்வாய்மொழி என்பது வெறும் பெயர்ப்பலகை. தோவாளைப் பூக்களின் மணம் மறையுமுன் மலைகள் நெருங்கி வரும். சில கடைகள், சில செங்கற் சூளைகள், ரயில் நிலையத்துக்குப் பிரியும் பாதை. பின்னர் முப்பந்தலில் இசக்கியம்மன் கோயிலும் காற்றாலைகளும். அதற்குள் ஊர் பின்னால் போய்விட்டிருக்கும். இப்படிக் கடந்து செல்லப்படுவது இவ்வூருக்குப் புதிதன்று. கடந்து செல்வோருக்காகவே அமைந்த வாசல் இது. ஆரல் என்றால் மதில், வாய் என்றால் நுழைவு என்று பெரியோர் பெயருக்குப் பொருள் கூறுவர்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்முனையை நெருங்கும் இடத்தில் விட்டு வைத்திருக்கும் இடைவெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த வேகத்தோடு இந்த இடுக்கில் நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் இங்கே கதவைத் தாழிடாமல் வைக்க முடியாது. துவைத்த துணி கொடியில் தங்காது. திறந்த வெளியில் திருப்பலி நிறைவேற்றினால் மெழுகுதிரி ஏற்றுவது வீண் முயற்சி. இவ்வூர் மக்கள் சற்று உரத்த குரலில் பேசுவதற்கும் இக்காற்றே காரணம் என்பது என் எண்ணம். மறுப்போர் ஆடியில் இங்கு வந்து பேசிப் பார்க்கட்டும்.

கணவாயின் மேற்கே நாஞ்சில் நாட்டின் வயலும் வாழையும் தென்னையும். சில கல் தொலைவு கிழக்கே சென்றால் செம்மண்ணும் பனையும் உடைமரமும். இவ்வளவு குறுகிய தூரத்தில் நிலம் இப்படி முகம் மாறுவதை வேறு எங்கும் நான் கண்டதில்லை. நிலத்தோடு அரசும் மாறியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரை இந்தக் கணவாய்தான் எல்லை. திருவிதாங்கூர் இவ்விடத்தில் அரண் அமைத்துக் காவல் வைத்திருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இவ்வரண்களைத் தாக்கிப் பிடித்தே உள்ளே புகுந்தது. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே இவ்வழியாக இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1981இல்தான்.

எல்லை ஊருக்கு இன்னொரு சுமையும் உண்டு. அரசுக்கு வேண்டாதவர்களைக் கொண்டுவந்து விடும் இடமும் அதுவே. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், 1745இல் கணவாய்க்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். சாதி வகுத்த எல்லையை மதியாமல் எல்லாரோடும் பழகியதும் அவர் மீது சினத்தை வளர்த்தது. 1749இல் சிறைப்பட்டார். நாடு கடத்தப்பட்டு இவ்வெல்லையில் விடப்பட்டவரை மக்கள் தேடி வரத் தொடங்கினர். 1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15ஆம் நாள், சாதிப் பட்டம் ஏதுமின்றி, புனிதராக அறிவிக்கப்பட்டார்.

காற்றாலைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே அம்மலைக்குக் காற்றாடி என்று பெயர் வைத்தவர்கள் இவ்வூரை அறிந்தவர்கள். இன்று முப்பந்தல் பக்கம் நிற்கும் இயந்திரங்கள் நாட்டிலேயே பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று. காற்று எங்களுடையது, வருமானம் வேறெங்கோ போகிறது என்று டீக்கடைப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

என் கவலை வேறு. விடிந்ததும் நாகர்கோவிலுக்கு வேலைக்கும் படிப்புக்கும் சென்று இருட்டியபின் திரும்புவோர் இங்கே பெருகி வருகின்றனர். ஊர் மெல்ல நகரத்தின் புறநகராகிறது. மலைக்கு வரும் நம் திருப்பயணிகளோ வாகனத்தில் ஏறிச் செபித்து, மணியடிச்சான் பாறையில் கல்லால் தட்டி மணியோசை கேட்டு, அடுத்த தலத்துக்கு விரைகின்றனர். அடிவாரத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தோடு அவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விட்டுச் செல்வது தண்ணீர்ப் புட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும். அவற்றைக் காற்று சும்மா விடுமா? முள்வேலி தோறும் கொண்டு போய் மாட்டி வைக்கிறது. பெருக்குவது இவ்வூர்ப் பெண்கள். மலை மீது இன்னும் சிமெண்டுக் கட்டடங்கள் எழுப்ப வேண்டும் என்போரிடம் எனக்கு உடன்பாடில்லை. பாறையும் காற்றும் புதரும் 1752இல் இருந்தவாறு ஓரளவேனும் எஞ்சியிருப்பதால்தான் அங்கு நிற்பவரின் நெஞ்சு நடுங்குகிறது.

தை மாதத் திருநாளில் கூட்டத்தோடு வருவது நல்லதே. ஆயினும் குடும்பத்தோடு ஒருமுறை ஆடியில் வாருங்கள். அடிவாரத்தில் இறங்கி நடந்தே ஏறுங்கள். திரும்பும்போது ஊருக்குள் ஒரு கடையில் அமர்ந்து தேநீர் அருந்தி, யாரிடமாவது அவர் தாத்தா காலத்து எல்லைச் சாவடியைப் பற்றிக் கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் கடைசிப் பேருந்து போய்விடும். குடை மட்டும் கொண்டுவர வேண்டாம். இந்தக் காற்றில் அது நிற்காது.