சிப்பாய்க்கு ஓய்வு நேரம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் கிடக்கின்றன. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கிய கோட்டை இது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை எல்லை வகுத்தார்களாம்! குண்டு உப்பளவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டான்.

யுத்தக் கதைகளைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். யுத்தமில்லாத மாலைகளில் கோட்டைச் சிப்பாய்கள் என்ன செய்தார்கள்? வேறென்ன, குடித்தார்கள். அக்காலத்தில் சென்னையில் சாராயம் விற்கும் உரிமையைக் கம்பெனி குத்தகைக்கு விட்டுப் பணம் பண்ணியது. ஒரு கையால் கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கை மறு கையால் வாங்கிக்கொண்டது. கெட்டிக்கார முதலாளி!

சிதம்பரம் அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஆண்டவன் ஆனந்தத் தாண்டவம் ஆடும் ஆலயமே பட்டாளத்தின் பாளையமாக இருந்த ஊர் அது. 1781 ஜூனில், ஹைதர் அலியின் வீரர்கள் காத்து நின்ற அந்த மதில்களைத் தாக்கிய தளபதி கூட், தோற்றுத் திரும்பினார். அங்கே சிப்பாயின் பொழுதுபோக்கைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் ஓர் அம்மாள். மடியில் பெரிய பை.

"கான்டீன் சாமானா, அம்மா?"

"ஆமாம் தம்பி. எங்க வீட்டுக்காரர் ஹவில்தாரா இருந்து ரிடையர் ஆனவர். சோப்பு, டீத்தூள் எல்லாம் வெளியிலே விக்கிறதைவிடக் கொறைச்சல்."

அந்தச் சோப்புக்கும் சிப்பாயின் கைப்பந்துக்கும் உறவு உண்டு. 1942 வரை பட்டாளக் கான்டீன்களைக் கண்டிராக்டர்கள் நடத்தினார்கள். பிறகு சர்க்காரே ஏற்றது. இன்றுள்ள கான்டீன் இலாகா 1948-ல் பிறந்தது. மொத்தக் கொள்முதல் இலாகாவுடையது. சில்லறை விற்பனை அந்தந்தப் படைப்பிரிவு நடத்தும் கடையில். கிடைக்கும் லாபம் வீரர்களின் பொது நலனுக்கு, விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும்கூடப் போகிறது. சிப்பாய் குடும்பம் வாங்கும் சாமானே சிப்பாயின் ஓய்வு நேரத்துக்கு உதவுகிறது. சாராயக் குத்தகையைவிட எவ்வளவோ மேல்!

கல்லாவில் நிற்பவர்கள் விஷயம்தான் எனக்குச் சமாதானமாகவில்லை.

"என் தங்கச்சி பையன் வேற ஊர்ல இந்த மாதிரி ஒரு கான்டீன்லே பில் போடறான். சர்க்கார் உத்தியோகம்னு ஊரெல்லாம் சொல்லிட்டோம். இப்போ இல்லேங்கறாங்க" என்றார் அந்த அம்மாள்.

சட்டம் அவர் சொன்னபடிதான் இருக்கிறது. படைப்பிரிவுக் கான்டீன் ஊழியர்கள் அரசு ஊழியர்களே என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2009-ல் அதே கோர்ட்டின் பெரிய பெஞ்ச் அதை மாற்றியது. இலாகாவுக்குச் சர்க்கார் கஜானாவிலிருந்து பணம் வருகிறது. இந்தக் கடைகளுக்கு வருவதில்லை, ஆகவே இவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல என்றது. கணக்கு சரியாயிருக்கலாம். ஆனால் வீரனுக்கு உழைப்பவனின் முதுமைக்கு எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது?

"பொண்ணு பார்த்திருக்கோம். அவங்க வீட்டிலே என்னன்னு சொல்றது?" என்று கேட்டார் அந்த அம்மாள். பஸ் கடலூருக்குள் நுழைந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார்.