நாயக்கர் அரண்மனை இரண்டு, நந்தவனம் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஆலைகளுக்கு லீவு. சிவகாசியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, ஆண்டாளைச் சேவித்து, புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரில் மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் திருமலை நாயக்கர் அரண்மனைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1623 முதல் 1659 வரை ஆண்ட நாயக்கருக்கு இந்த ஊர்மேல் தனிப் பிரியம். இங்கே உச்சிகால பூஜை முடிந்த பிறகே மதுரையில் அவர் சாப்பிட உட்காருவாராம். வழிநெடுக மண்டபம் கட்டி, மணியோசையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தினார்களாம். செவிவழிக் கதைதான், ஆனாலும் சுவையான கதை.

பெரியாழ்வார் பூப்பறித்து மாலை தொடுத்த நந்தவனம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் இடத்தில் சின்னதாக ஒரு சன்னதி. ராஜாக்கள் போட்ட தோட்டம் எத்தனையோ இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஓர் ஆழ்வாரின் தோட்டம் நிற்கிறது.

இந்த ஊரைப் பார்த்த கையோடு நாயக்கரின் மதுரை மகாலையும் பார்த்துவிட வேண்டும். 1636இல் கட்டியதில் இன்று கால்வாசிதான் மிச்சம் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது ஏராளம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைச் சந்தில் தனியாக நிற்கும் பத்துத் தூண்களும் அந்த அரண்மனையின் மிச்சமே. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திராவிட்டால் மற்றதும் மண்ணாகியிருக்கும். பிறகு 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலா ஆடியதும் மகாலின் தூண்களுக்கு நடுவில்தான்.

தூணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். மேலே சுண்ணாம்புச் சாந்து. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தார்கள் என்பார்கள். அந்த வழுவழுப்பில் கைக்கெட்டும் உயரம் வரை காதல் ஜோடிகளின் பெயர்கள்! பூசப் பூசக் கீறிவைக்கிறார்கள். காதலைச் சொல்லப் போனில் எத்தனையோ வழியிருக்கிறது. சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தம்பிகளே.