தொழிற்பேட்டையில் ஒரு தேர்



ஜேர்மனியில் ஹம் நகரத்தின் உவென்ட்ரொப் பகுதிக்கு வழி கேட்பதென்றால் லொறிச் சாரதியிடம் கேட்க வேண்டும். கிடங்குகளும் ஆலைகளும் நிறைந்த தொழிற்பேட்டை. அங்கேதான் 17 மீற்றர் உயர இராசகோபுரத்தோடு காமாட்சி அம்பாள் இருக்கிறா. கும்பாபிஷேகம் நடந்தது 2002 ஜூலையில்.

அம்பாள் இங்கே குடிவந்ததற்குக் காரணமே தேர்தான். 1989இல் நகரத்துக்குள் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தொடங்கிய கோயில் இது. 1993இல் முதல் தேர் வீதிக்கு வந்தது. அடுத்தடுத்த வருடங்களில் ஆயிரக்கணக்கில் சனம் சேர்ந்தது. குடிமனைத் தெரு தாங்கவில்லை, அயலவரும் முறையிட்டார்கள். ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள் என்று வருந்த நான் தயாரில்லை. தேர் சுற்றிவர வீதியும், தவிலை நிறுத்தச் சொல்லாத அயலும் வேறெங்கே கிடைக்கும்?

தேர் ஞாயிற்றுக்கிழமையில் வரும். நாள் பார்ப்பவர்கள் எங்கள் வேலை நாட்களையும் பார்க்கிறார்கள்! தார் வீதியில் ஆண்கள் பிரதட்டை செய்வார்கள், பெண்கள் கற்பூரச் சட்டி ஏந்தி வருவார்கள். தூக்குக்காவடியும் உண்டு. தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். சரக்குப் படகுகள் போய்வரும் தண்ணீர். அம்பாள் இறங்கினால் அதுவும் தீர்த்தம்தானே.

ஆனால் இந்தத் திருவிழாவின் பெறுமதி பக்தியோடு முடிவதில்லை. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்களை அரசு மாநிலவாரியாகப் பிரித்து அனுப்பியது. தஞ்ச வழக்கு முடியும்வரை, ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டவே அனுமதி வேண்டியிருந்தது. அதனால் பாரிசின் லா சப்பல் போல, ரொறன்ரோவின் ஸ்காபரோ போல ஒரு தமிழ்த் தெரு இங்கே உருவாகவில்லை. சிதறிப்போன சனத்துக்குத் தேர் நாள்தான் அந்தத் தெரு. கலியாணப் பேச்சு, ஊர்ச் சங்கக் கணக்கு, போக முடியாத செத்தவீட்டுக்குத் துக்கம் விசாரிப்பு எல்லாம் வடத்துக்கும் கச்சான் கடைக்கும் இடையில் நடக்கின்றன. பிள்ளைகள் தங்களுக்குள் ஜேர்மன் மொழியில்தான் கதைக்கிறார்கள். வடத்தை மட்டும் விடமாட்டார்கள். அவர்களுக்கு விளங்கும் மொழியில் பூசைகளின் பொருளைச் சொல்லிக்கொடுக்கக் கோயில்கள் இன்னும் கூடுதலாக மினக்கெட வேண்டும்.

திருவிழா மே, ஜூன் மாதங்களில் வரும். தேரன்று பகலில் உங்கள் ஜேர்மனி உறவுகளுக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். தவில் சத்தத்தில் கேட்காது. இரவு எடுங்கள்.