ரெட் ஆக்சைடும் எங்க வீட்டு ஜன்னலும்

ஏற்காடு மாதிரி மழையும் மூடுபனியும் உள்ள ஊர்ல ஜி.ஐ. ஜன்னல் போடறது நல்ல யோசனைதான். கரையான் அரிக்காது, மழைக்கு உப்பாது. ஆனா அதுமேல பெயிண்ட் நிக்கணுமே, அங்கதான் சிக்கல்.

நாகலூர் பக்கம் அப்பா கட்டின வீட்டுல, ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ள ஜன்னல் பெயிண்ட் அப்பளம் அப்பளமா பெயர்ந்து வந்துடுச்சு. அப்பாவுக்கு செம கோவம். வேலைய ஒழுங்கா பண்ணலன்னு பெயிண்டருக்குத் தரவேண்டிய பாக்கி நாலாயிரத்த நிறுத்தி வெச்சுட்டார். அந்த அண்ணனோ முப்பது வருஷமா இந்த மலைல பெயிண்ட் அடிக்கிறவர். "தம்பி, ரெண்டு கோட்டு ரெட் ஆக்சைடு கொடுத்துட்டுதான் எனாமல் அடிச்சேன். எத்தனையோ கேட்டு, கிரில்லுக்கு இதேதான் அடிச்சிருக்கேன், ஒண்ணும் உரியல"ன்னார்.

பெயர்ந்த துண்ட திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சிவப்பு அப்படியே இருக்கு. ஆக, அவர் பிரைமர் அடிச்சது நிஜம். அது இரும்ப விட்டுட்டு வந்ததுதான் விஷயம்.

ஜி.ஐ.ன்னா இரும்பு மேல துத்தநாகப் பூச்சு. கேட்டும் கிரில்லும் வெறும் இரும்பு. நாம சாதாரணமா வாங்கற ரெட் ஆக்சைடு பிரைமர் எண்ணெய் சார்ந்த பெயிண்ட். அதுல இருக்கற கொழுப்பு அமிலம் துத்தநாகத்தோட சேர்ந்தா, ஈரமும் கூட இருந்தா, நடுவுல மெல்லிசா ஒரு சோப்புப் படலம் உண்டாகும். ஆமாங்க, சோப்புதான்! அப்புறம் பெயிண்ட் எங்க நிக்கும்? இத அப்பாகிட்ட அந்தத் துண்டோட காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. மறுநாள் காலைல பாக்கிய அவரே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தார்.

சரி, எப்படித்தான் அடிக்கணும்? அந்த அண்ணனும் நானும் சேர்ந்து பண்ணினது இதுதான்.

முதல்ல பழசு மொத்தத்தையும் சுரண்டி எடுத்தோம். வெள்ளையா மாவு மாதிரி இருக்குமே, அது துத்தநாகத்தோட துரு. நைலான் பிரஷ்ஷும் தண்ணியும் போட்டுத் தேய்ச்சா போயிடும். கம்பி பிரஷ் வேண்டாம். ஏன்னா, 120 ஜிஎஸ்எம் தகடுன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம். கணக்குப் போட்டா ஒரு பக்கத்துக்கு சுமார் 8 மைக்ரான்தான். முரட்டு உப்புத்தாள் போட்டா துருவுக்கு நாமளே கதவு திறந்து விட்டாப்ல ஆகிடும். 320 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு மங்கற அளவுக்கு லேசா தேய்ச்சா போதும்.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு. தின்னர்ல நனைச்ச துணியால துடைக்கணும், துணிய அடிக்கடி மாத்தணும். தண்ணி தெளிச்சுப் பாருங்க. முத்து முத்தா நின்னா பிசுக்கு இன்னும் இருக்கு, படர்ந்தா சுத்தம். வெல்டிங் பண்ணி துத்தநாகம் போன இடத்துல துத்தநாகம் கலந்த பெயிண்ட் ஒரு தொடு.

பிரைமருக்கு கீழ சேலம் போய் எட்ச் பிரைமர் வாங்கிட்டு வந்தோம். ரெண்டு டப்பா கலக்கறது, கலந்தா அன்னிக்கே தீர்க்கணும். மெல்லிசா ஒரே கோட்டு. தடிமனா அடிச்சா அதுவே உரியும். இது வேண்டாம்னா ஜி.ஐ.க்குன்னே டப்பால போட்டிருக்கற வாட்டர் பேஸ் பிரைமர் அடிக்கலாம். எதுவானாலும் அது காய்ஞ்ச பிறகுதான் எனாமல்.

கடைசியா, 1,500 மீட்டர் உயர ஊருக்குன்னு ஒரு விஷயம். சேலத்துல காயற மாதிரி இங்க காயாது. காலைல ஜன்னல் மேல கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும், சாயங்காலம் மூடுபனி இறங்கிடும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல போனா பிரஷ்ஷ தொடாதீங்க. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும், காலை பத்துலேர்ந்து மதியம் ரெண்டு மணி வரைதான் நமக்கு வேலை நேரம்.

பெயிண்ட் உரிஞ்சா ஆள திட்டறதுக்கு முன்னாடி, உரிஞ்ச துண்ட ஒருதடவ திருப்பிப் பாருங்க. யார் மேல தப்புன்னு அதுலயே இருக்கும்.