நன்னி சொன்ன பெயர்

எங்கள் தெருவில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், பெயர்களுக்கு இல்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கக்கும் மலைக்கோட்டைப் பாறை ஒரு பக்கம். பூட்டுப் பட்டறைகளில் அரம் உராயும் சத்தம் இன்னொரு பக்கம். காற்று மாறி அடித்தால் பேகம்பூர் தோல் ஷாப்பு வாடை வீட்டுக்குள் வந்துவிடும். குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்க, ஆளாளுக்குப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். பழனிச்சாமி, தண்டபாணி என்றால் பழனிக்கு நேர்ந்தது. சௌந்தரவல்லி என்றால் தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் குடும்பம். செபஸ்தி என்றால் முத்தழகுபட்டியில் உறவு இருக்கும். ஆகஸ்டு மாதத் திருவிழாவில் ஆட்டுக்கறிச் சோறு போடும் அந்தப் புனித செபஸ்தியாரின் பெயர் அது. எந்த வாசலில் வேண்டிப் பெற்ற பிள்ளை என்று பெயரே சொல்லிவிடும்.

எதிர்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அப்பா பெயர் சூசை, மகன் பெயர் வளனரசு. இரண்டும் ஒரே புனிதர்தான் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் ஆக்கினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்தக் காவியத்தின் நாயகன் எதிர்வீட்டில் டவுசரோடு பம்பரம் விடுகிறான் என்று சிரித்தேன்.

பக்கத்து வீடு ராவுத்தர் வீடு. அந்த வீட்டுப் பாட்டியை அவர்கள் பேரப்பிள்ளைகளைப் போலவே நாங்களும் நன்னி என்போம். அங்கே பிள்ளை பிறந்தால் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்வார்கள். ஏழாம் நாள் முடி எடுத்து, அந்த முடியின் எடைக்கு வெள்ளியை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். பிள்ளைக்காக அறுக்கும் அகீகாக் கறியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். எங்கள் வீட்டில் தொட்டில் போடும் அன்று அத்தை வந்து, குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்லி, சீனித் தண்ணீர் தொட்டு வைப்பாள். பெயர் முதலில் போய்ச் சேருவது குழந்தைக்குத்தான். ஊருக்கு அப்புறம்தான் தெரியும்.

சித்திக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்று வை என்றார்கள். முறத்தில் போட்டுத் தவிட்டுக்கு வாங்கிப் பிச்சை என்று வை என்றார்கள். எமன் கண்ணுக்குப் பிள்ளை மதிப்பில்லாததாகத் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. பிச்சை என்ற பெயர் அந்தத் தெருவில் மூன்று மதத்திலும் இருந்தது. பயம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

நன்னி வேறு வழி சொன்னது. அந்திக்குப் பள்ளிவாசல் வாசலில் போய் நிற்கச் சொன்னது. மஃரிபு தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதுவார்கள் என்று எல்லா வீட்டுப் பெண்களும் நோய்ப்பட்ட பிள்ளைகளோடு அங்கே நிற்பார்கள். சித்தி வயிற்றுப் பிள்ளையோடு நின்றாள், நான் அவள் முந்தானையைப் பிடித்தபடி. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கிய இடம் அது, அதனால்தான் பேகம்பூர் என்று சித்தி காதோடு சொன்னாள். அன்று ராத்திரியே அப்பத்தா மஞ்சள் துணியில் காசு முடிந்து, நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாள்.

ஆண்பிள்ளை பிறந்தது. நிலைத்தது. பெயர் வைக்கிற பேச்சு வந்தபோது சித்தப்பா ஒரே பிடியாக, "ஷாகுல் ஹமீதுன்னே வச்சிருவோம், அந்த மகான் பேரு அதுதானே" என்றார். அப்பத்தாவுக்கு யோசனை. வெற்றிலைத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"ராவுத்தரம்மா, உங்க அவுலியா பேர எங்க பயலுக்கு வைக்கலாமா? தப்பாயிருமா?"

நன்னி பாக்கை வெட்டிக்கொண்டே சொன்னது: "வைக்கக் கூடாதுன்னு சொல்ல நான் யாருக்கா? ஆனா அது நாங்க பாங்கு சொல்லி, ஓதி வைக்கிற பேரு. நாளைக்குப் பய உங்க குலசாமிக்கு முடியெறக்குவான், வேல் குத்துவான். அதுக்கும் இதுக்கும் நடுவுல அவன ஏன் நிப்பாட்டணும்? நாகூரான்னு வைங்க. ஊரு எல்லாத்துக்கும் பொது." அப்புறம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "ஒண்ணு மட்டும். அந்தப் பேரச் சொல்லி வையக் கூடாது, ஆமா" என்றது.

இந்த நுணுக்கம் நன்னியின் கண்டுபிடிப்பு அல்ல என்பது பிற்பாடு புரிந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ இந்து வீடுகளில் நாகூரான்களும் நாகூரம்மாள்களும் இருக்கிறார்கள். மகானின் சொந்தப் பெயரை எடுத்துக்கொள்ளாமல் அவர் இருக்கும் ஊரின் பெயரை வாங்கிக்கொண்டது அவர்கள் காட்டிய மரியாதை. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் அங்கேதான் வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றார் என்பார்கள். நன்றிக்கு 131 அடி உயர மினாரைக் கட்டிக் கொடுத்தார், ஆனால் மகன் பெயர் துளஜா. தங்கள் குலதெய்வமான துளஜா பவானியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். மினார் கட்ட வசதி இல்லாதவர்கள் கடனைப் பெயரில் அடைத்தார்கள்.

சித்திக்கு அந்த நிபந்தனை கஷ்டமே இல்லை. ஏற்கெனவே எங்கள் வீட்டில் பாதிப் பெயர்கள் அவள் வாயில் வராதவை. என் அண்ணனுக்குத் தாத்தா பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்லலாமா? அதனால் அவனை அம்மாவும் சித்தியும் பெரியவன் என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பியைத் திட்ட மட்டும் ஒரு பெயர் தேவைப்பட்டது. அதற்குத் துரை என்று வைத்தாள். நாளெல்லாம் துரைக்கு வசவு, சாப்பிடக் கூப்பிடும்போது நாகூரான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, பெயரைப் பார்த்துவிட்டு மதம் என்ற கட்டத்தில் எழுத்தர் தானாகவே இஸ்லாம் என்று எழுதினார். சித்தப்பா திருத்தச் சொல்ல, "பின்னே ஏன் இந்தப் பேரு?" என்று அவர் கேட்க, பின்னால் வரிசையில் நின்ற ஒரு ராவுத்தர், "அது வேண்டுதல் பேருங்க, எழுதுங்க" என்று முடித்து வைத்தார்.

இப்போது பெயரைக் கைப்பேசியில் தேடுகிறார்கள். நட்சத்திர எழுத்து, எண்கணிதக் கூட்டல், கேட்க ஸ்டைலாக ஒரு சத்தம் போதும். யாருடைய பெயர் என்று கேட்கிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் அவசரமே இல்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுச் சட்டம், பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்க இடம் தருகிறது. பக்கத்து வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போய்வர அது தாராளமான அவகாசம்.

தம்பிக்கு மகள் பிறந்தபோது அவளுக்கும் நாகூரிலிருந்து ஏதாவது எடுப்பான் என்று நினைத்தேன். அப்பத்தா பெயரை வைத்தான். கேட்டதற்கு, "நேந்தது எனக்குத்தானண்ணே. இவளுக்கு அங்க கடன் ஏது?" என்றான். அடுத்தது மகன். அவன் வளர்ந்து, அவனுக்கொரு பிள்ளை பிறந்தால், எங்கள் வழக்கப்படி தாத்தா பெயர்தான் வர வேண்டும். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அந்த மருமகள் நினைப்பாளானால், அவள் தேடி அலைய வேண்டாம். கூப்பிடவும் வையவும் துரை தயாராக இருக்கிறது.