புளியங்கொட்டைப் பாடம்

பசறையை அடுத்த தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரலை நம்பி, தன் தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டாள். மகளின் படிப்புக்கெனச் சேர்த்த பணத்தில் பாதி போயிற்று. வெட்கத்தால் மூன்று நாள் வாய் திறவாதிருந்தாள். அதற்குள் மீதியும் போயிற்று.

அம்மகள் எம் மாணவி. வெறும் அறிவுரை கூற மனமின்றி, வகுப்பில் விளையாட்டொன்றை அமைத்தோம். ஒருவர் வஞ்சகர், ஒருவர் தாய், பணத்துக்குப் புளியங்கொட்டை. கணினிக் காவலைக் கற்பிக்க அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2012 இல் ஒரு சீட்டாட்டமே வெளியிட்டனர். எஸ்தோனியாவில் 2010 முதல் பல நாட்டார் கூடிப் பயிற்சிப் போரே நடத்துகின்றனர். எமக்கோ கரும்பலகையும் கொட்டைகளுமே கருவி.

முதல் நாள் வஞ்சகரே வென்றனர். எப்படி என்று வினவினோம்.

"யோசிக்க விடவில்லை, சேர்" என்றான் ஒருவன்.

அவசரமே கள்வனின் ஆயுதம் என்பதை அவனே கண்டுகொண்டான். மறுநாள் புதுவிதி சேர்த்தோம்: ஏமாந்தவர் உடனே வாய்திறந்து சொன்னால், எஞ்சிய கொட்டைகள் தப்பும்.

அன்றிரவு லயத்தில் தாயும் மகளும் ஆடினராம். வஞ்சகராக ஆடிய தாயே வென்றாளாம். போன பணம் மீளவில்லை. அவள் சிரிப்பு மீண்டது.