காக்கை வளர்த்த குயில்

விண்வெளியிலே பறந்து திரிந்து, பகைவரைப் பந்தாடி, இடையிடையே பகிடி விட்டுச் சிரிக்கும் வீரர்களைப் பற்றிய அமெரிக்கப் படமொன்றைக் குறித்து நான் எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அத்தகைய படங்களை வெறும் மயக்க மருந்து என்று கூறி ஒதுக்கியவர்களுள் நானும் ஒருவன். அக்கருத்தை இன்றும் நான் முற்றாகக் கைவிட்டேனல்லேன். ஆயினும், ஒரு படத்தைப் பார்த்த மக்கள் அதனைப் பற்றி என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதைச் செவிமடுக்காமலே அதனை ஒதுக்கிவிடுவது முறையன்று என்பதை எனக்கு உணர்த்தியவர்கள் என் மாணாக்கர்களே.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, ஆறேழு மாணவர் என் வீட்டில் ஒன்றுகூடி, 'கார்டியன்ஸ் ஒவ் த கலக்ஸி' என்னும் படத்தின் இரண்டாம் பாகத்தைப் போட்டுப் பார்த்தனர். அவர்களோடு நானும் அமர்ந்தேன். ஜேம்ஸ் கன் எழுதி இயக்கிய அப்படம் 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. 2014இல் வெளியான முதற் பாகம் உலகெங்கும் 77 கோடி டொலருக்கு மேல் ஈட்டியதென்றால், இரண்டாம் பாகம் 86 கோடி டொலரையும் தாண்டிற்று. அமெரிக்கப் படமாளிகைகளில் முதல் நாட் பார்வையாளரிடம் வாக்கெடுத்துத் தரமிடும் சினிமாஸ்கோர் நிறுவனம் இரு பாகங்களுக்கும் 'ஏ' என்னும் ஒரே தரத்தையே அளித்தது. எண்களை மட்டும் பார்த்தால் மக்கள் ஒரே குரலில் பாராட்டினர் என்றே எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பீற்றர் குவில் என்பவன் தாயை இழந்த அன்றே பூமியிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டு, யோண்டு என்னும் நீலநிறக் கொள்ளைக்காரனால் வளர்க்கப்பட்டவன். அவனோடு சேர்ந்திருப்போர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் உறவிழந்தவர்கள்: மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ட்ராக்ஸ், பிள்ளைப் பருவத்திலே கவரப்பட்டுக் கொலைகாரியாகப் பயிற்றப்பட்ட கமோரா, ஆய்வுகூடத்திலே துன்புறுத்தி உருவாக்கப்பட்ட றொக்கற் என்னும் விலங்கு, குழந்தைப் பருவத்திலுள்ள குறூட் என்னும் மரம். இவர்களிடையே குவிலின் தந்தை நான்தான் என்று கூறிக்கொண்டு ஈகோ என்பவன் வந்து சேர்கிறான். அவன் ஒரு மனிதனல்லன், ஒரு கிரகம். இலத்தீன் மொழியில் அவன் பெயரின் பொருள் 'நான்' என்பதாகும்.

முதற் பாகத்திலிருந்த புதுமை இதிலே இல்லை என்பதே பெரும்பாலான ரசிகர் கூறிய முதற் குறை. குடும்பம், குடும்பம் என்று பேசிக்கொண்டே அக்குடும்பத்தினரைப் பாதிப் படம் முழுவதும் இரண்டு கூறாகப் பிரித்து வைத்துவிட்டார்கள் என்றனர் சிலர். கண்ணீர் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பகிடியைப் போட்டு உணர்ச்சியைக் கெடுத்துவிட்டார்கள் என்றனர் வேறு சிலர். குழந்தைக் குறூட் பொம்மை விற்பதற்காகவே படைக்கப்பட்டவன் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மன்ரிஸ் என்னும் பெண்ணின் தோற்றத்தை ட்ராக்ஸ் ஓயாது இழித்துரைப்பது நகைச்சுவையாகாது என்று கண்டித்தோரும் உளர். இக்குறைகளை நான் மறுக்கப்போவதில்லை. டிஸ்னி போன்றதொரு பெரு நிறுவனம் 20 கோடி டொலர் முதலிட்டு எடுக்கும் படம் ஒரு பண்டமாகவும் இருந்தே தீரும். பண்டத்துக்குப் பொம்மை வேண்டும்.

எனினும், இதே படத்தை முதற் பாகத்தினும் மேலாகப் போற்றுவோர் தொகையும் சிறிதன்று. அவர்களிற் பெரும்பாலோர் சுட்டுவது ஒன்றையே: யோண்டுவின் மரணத்தை. படம் சிரிக்க வைத்தது என்பதிலும் பார்க்க, சிரித்துக்கொண்டிருந்த தங்களை அது எதிர்பாராமல் அழவைத்தது என்பதையே அவர்கள் திரும்பத் திரும்பக் கூறுகின்றனர். இந்த இரு சாராரும் ஒரே படத்தைத்தான் பார்த்தனரா என்ற ஐயம் எனக்கு எழுந்ததுண்டு. என் வீட்டு விறாந்தையிலே நிகழ்ந்த விவாதத்தின் பின்னரே அதற்கு விடை கிடைத்தது.

படம் முடிந்ததும் முதலிற் பேசியவன் பகிடிக்குப் பேர்போன மாணவன். "சேர், பேரைப் பாருங்கோ, குயில். காகம் வளர்த்தது" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவனருகே இருந்த மாணவி சிரிக்கவில்லை. "காகத்துக்குத் தான் வளர்க்கிறது குயிலெண்டு தெரியாது. யோண்டுவுக்குத் தெரியும்" என்றாள். ஓர் ஆசிரியன் அரை மணி நேரம் விளக்கியிருக்கக்கூடிய விடயத்தை அவள் ஒரு வசனத்திற் கூறிவிட்டாள்.

இன்னொரு மாணவன் ஈகோவைப் பற்றிப் பேசினான். ஆயிரக்கணக்கான உலகங்களுக்குச் சென்று, அங்கங்கே தன் வித்தை ஊன்றி, ஈற்றில் எல்லா உலகங்களையும் தானாகவே மாற்றிவிட முயல்பவன் ஈகோ. அதற்குத் துணையாகவே அவன் பிள்ளைகளைப் பெறுகிறான். தன் ஆற்றல் வாய்க்காத பிள்ளைகளைக் கொன்று எலும்புக் குவியலாக்குகிறான். அன்பாக நேசித்ததாகக் கூறும் குவிலின் தாய்க்கும் மூளையிற் கட்டியை வைத்தவன் அவனே. "இது ஏகாதிபத்தியந்தானே, சேர்? இனிக்க இனிக்கக் கதைச்சுக்கொண்டு வாறது" என்றான் அவன். படத்தை எடுத்தவர் அவ்வாறு கருதினாரோ அறியேன். ஆனால் அப்பொருள் அங்கே கிடக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. பொன்னிற மேனியராகிய சொவறின் இனத்தவர் தம் ஊரிலே சொகுசாக அமர்ந்துகொண்டு, ஆளில்லாப் போர்க்கலங்களை விளையாட்டுக் கருவி போல இயக்கிக் கொல்ல முனைவதும் நம் காலத்துப் போரின் சாயலே.

விவாதம் யோண்டுவிடம் வந்தபோது சூடேறிற்று. கூலிக்காகப் பிள்ளைகளை ஈகோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் யோண்டு. அப்பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்த பின்னரே குவிலைக் கையளிக்காமல் தன்னிடம் வைத்துக்கொண்டான். இறுதியில், இருந்த ஒரேயொரு விண்வெளி உடையைக் குவிலுக்கு அணிவித்துவிட்டுத் தான் உறைந்து மடிகிறான். ஒரு தியாகம் முந்திய குற்றங்களையெல்லாம் கழுவிவிடுமா? முடியாது என்றாள் அம்மாணவி. அவனையும் பெற்றோர் அடிமையாக விற்றார்களே என்றான் மற்றவன். என்னை உறுத்தியது வேறொன்று. தனக்கெதிராகக் கிளர்ந்த தன் கூட்டத்தாரை யோண்டு பறக்கும் அம்பினாற் கொன்று குவிக்கிறான், பின்னணியில் உல்லாசமான பாட்டு, பார்ப்போர் சிரிக்கின்றனர். அக்கூட்டத்தார் அவனுக்கு உண்மையாயிருந்தவர்களைக் கொன்ற கொடியவர்கள் என்பது உண்மையே. ஆயினும் நேற்றுவரை அவனோடு ஒரே கலத்தில் உண்டவர்களும் அவர்களே. ஐந்தாறு பேரைக் குடும்பமாக்கிக்கொண்டு, ஏனையோர் சாவைக் கேளிக்கையாக்கும் அன்பு எத்தகைய அன்பு? இக்கேள்விக்கு இந்தப் படத்திலே விடையில்லை.

அதுவரை வாய் திறவாதிருந்த ஒருவன் அப்போதுதான் பேசினான். அவன் சிறுவர் இல்லமொன்றில் வளர்ந்தவன். "சேர், தேடிக்கொண்ட குடும்பம் எண்டு எல்லாரும் சொல்லீனம். நாங்கள் ஒருத்தரையொருத்தர் தேடேல்லை. எங்களைக் கொண்டுவந்து விட்டவை. பிடிக்காதவனுக்குப் பக்கத்திலைதான் எனக்குப் பாய். அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் நான்தான் தண்ணி குடுக்கவேணும்." சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவனே, "அவன்தான் இப்ப எனக்குச் சகோதரன்" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை இதுவரை நான் எவரிடமும் கூறியதில்லை.

என் தந்தையார் நான் கைக்குழந்தையாயிருக்கையிலே வியாபாரமென்று கொழும்புக்குச் சென்றவர், திரும்பவில்லை. ஏழாம் வயதில் தாயாரும் மறைந்தார். சந்தியிலே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவர் என்னைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவருக்கும் எனக்கும் இரத்த உறவு எதுவுமில்லை. ஊராரைப் போல நானும் அவரைக் கடைக்கார அண்ணை என்றே அழைத்தேன். ஏன் இந்தச் சுமை என்று கேட்போரிடம், "சும்மா சோறு போடுறனோ? சின்னக் கை, சில்லுக்குள்ளை போகும்" என்பார். குவிலை ஏன் கையளிக்கவில்லை என்று கேட்டபோது, ஒல்லியானவன், களவுக்கு உதவுவான் என்றே யோண்டுவும் சொல்லி வந்தான். மாணவர் அவ்விடத்திற் சிரித்தனர். என்னாற் சிரிக்க முடியவில்லை.

அவர் நல்லவரென்று நான் சாதிக்கப்போவதில்லை. குறட்டாலும் அடித்திருக்கிறார். கடையில் வேலை நெருக்கியதால் இரண்டு ஆண்டுகள் என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பின்னர், ஏதோ நினைத்தவராய், எண்ணெய்க் கையோடு என்னை இழுத்துக்கொண்டுபோய்த் தலைமையாசிரியர் முன் நிறுத்தியவரும் அவரே. பள்ளியிலே என் தந்தை கப்பற் கப்டன் என்று நான் கதை கட்டியிருந்தேன். குவிலும் சிறுவயதிலே தொலைக்காட்சி நடிகர் ஒருவரின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இவர்தான் என் தந்தை என்று சொல்லித் திரிந்தவன்.

ஆசிரியர் பயிற்சிக்கு நான் புறப்பட்ட நாளில் என் பெட்டியைச் சுமந்து பஸ் நிலையத்துக்கு வந்தவர் அவர். "என்ரை பெடியன், கவனமாய் இறக்கிவிடு" என்று கண்டக்டரிடம் சொன்னார். பஸ் நகர்ந்ததும், அருகிலிருந்த புது நண்பன் அவர் யாரென்று கேட்டான். "எங்கள் அயலவர்" என்றேன்.

எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்த சில மாதங்களில் தந்தையார் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, இனிய பேச்சு, வாய்க்கு வாய் "மகனே" என்ற அழைப்பு. நான் மயங்கினேன். கடைக்கார அண்ணை, "வந்தவர் நல்லாய்க் கதைக்கிறார்" என்று மட்டும் சொன்னார். தந்தையாருக்கு வேண்டியிருந்தது கடனொன்றுக்கு அரசாங்க உத்தியோகத்தனின் பிணைக் கையெழுத்து. கையெழுத்திட்டேன். அவர் மீண்டும் மறைந்தார்; ஏழு ஆண்டுகள் என் சம்பளத்திலே கடன் கழிந்தது. அக்காலத்திலே மாதந்தோறும் ஒரு பை அரிசி என் அறை வாசலில் இருக்கும். யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் இறந்தபோது கொள்ளி வைத்தவர் தூரத்து உறவினர் ஒருவர். நான் கூட்டத்தோடு நின்றேன். அவரை ஒருநாளாவது ஐயா என்று அழைத்திருக்கலாம்.

இப்பொழுது அப்படத்தின் ரசிகர் இரு கூறாய் நின்றதன் காரணம் எனக்கு ஓரளவு விளங்குகிறது. பகிடி உணர்ச்சியைக் கெடுக்கிறது என்போர் கலைநுட்பத்தைப் பேசுகின்றனர். அவர்கள் கூற்றிலும் உண்மையுண்டு. அழுதவர்களோ தம் வீட்டைப் பேசுகின்றனர். அன்பைப் பகிடியாலும் ஏச்சாலும் மூடி மறைத்தே வாழ்ந்த மனிதரை அவர்கள் அறிவர். உழைத்துக் களைத்த வீடுகளிலே அன்பு பெரும்பாலும் அந்த மொழியிலேதான் பேசுகிறது.

ஆனால் பெற்றவன் தீயவன், வளர்த்தவன் நல்லவன் என்று கணக்குத் தீர்த்துவிடவும் இயலாது. கமோராவையும் நெபுலாவையும் வளர்த்தவன் தானோஸ் என்னும் கொடியவன். இரு சிறுமிகளையும் மோதவிட்டு, தோற்கும்போதெல்லாம் நெபுலாவின் உடலிலே ஓர் உறுப்பை அகற்றி இயந்திரத்தைப் பொருத்தியவன். தனக்கு வேண்டியிருந்தது வெற்றியன்று, ஒரு சகோதரியே என்று நெபுலா கூறுமிடம் படத்தின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. ஆகவே இரத்தமும் உறவாகாது. ஒரு கூரையின் கீழ் வைத்திருத்தல் மட்டுமே உறவாகிவிடுவதுமில்லை. பிடிக்காதவனுக்குக் காய்ச்சல் வந்தபோது தண்ணீர் கொடுத்த கை எதைச் செய்ததோ, அந்த உழைப்பே உறவு. அந்த உழைப்பை ஐந்தாறு பேரோடு நிறுத்திக்கொள்வதா, ஊருக்கும் உலகுக்கும் விரிப்பதா என்பது படத்துக்கு வெளியே நாம் தீர்க்கவேண்டிய கேள்வி.

நம் பேச்சுவழக்கிலே சகோதரனின் பிள்ளையைப் பெறாமகன் என்கிறோம். பெறாதவனையும் மகனென்று அழைக்க நம் மொழிக்குத் தெரியும். அச்சொல்லை இரத்த உறவின் எல்லைக்குள் நிறுத்தி வைத்திருப்பவர்கள் நாமே.

அந்த விவாதத்துக்குப் பின் என் வழக்கமொன்று மாறியது. புதுப் பிள்ளைகளை வகுப்பிற் பதியும்போது, "தந்தையின் பெயர்" என்ற இடத்தில் தயங்கி நிற்கும் பிள்ளையிடம் முன்பெல்லாம் நான் அக்கேள்வியையே உரத்துக் கேட்பேன். இப்பொழுது, "உன்னை வளர்க்கிறது ஆர்?" என்று கேட்கிறேன். சொல்லும் பெயரை முதலில் எழுதிக்கொள்கிறேன்.